எடை குறைய எந்த வழி? தண்ணி மாத்திரை முதல் ஊசி வரை ஓர் ஒப்பீடு

முகூர்த்த மாதம் நெருங்கினால் மதுரையில் மெடிக்கல் கடை வைத்திருப்பவர்களுக்கு வாடிக்கையாக ஒரு கேள்வி வரும். கூட்டம் விலகும் வரை ஓரமாக நின்றுவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அண்ணே, அந்தத் தண்ணி மாத்திரை இருக்கா?" என்பார்கள். சிறுநீரை அதிகமாகப் போகவைக்கும் மாத்திரை அது. கேட்பவருக்குக் கால் வீக்கம் கிடையாது, பிரஷர் கிடையாது, இதயக் கோளாறும் கிடையாது. கல்யாணப் பெண்ணாக இருப்பார். இல்லாவிட்டால் ஆணழகன் போட்டிக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கும் ஜிம் பையனாக இருப்பான். மூன்று நாளில் மூன்று கிலோ இறங்கும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அதில் பொய் என்று முழுசாகத் தள்ளவும் முடியாது. எடை இறங்கத்தான் செய்யும். இறங்குவது எது என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

நானும் கவுண்டருக்கு உள்பக்கம் நிற்கிறவன்தான். எடை குறைக்க நினைக்கிறவர் முன்னால் இன்றைக்கு இருக்கும் வழிகளை என் கண்ணுக்குத் தெரிகிற அளவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்: தண்ணி மாத்திரை, நாட்டு மருந்தும் பொடியும், உப்பைக் குறைப்பது, சாப்பாடும் நடையும், கடைசியாக டாக்டர் எழுதித் தரும் எடைக் குறைப்பு மருந்து. எல்லாவற்றுக்கும் சமமாக இடம் ஒதுக்கப்போவதில்லை. ஆபத்து எங்கே அதிகமோ அங்கேதான் பேச்சும் அதிகம்.

குறைய வேண்டியது தண்ணீரா, கொழுப்பா?

எங்கள் கடை வாசலில் ஓர் எடை மெஷின் கிடக்கிறது. விடாமல் வாதாடிய ஒரு ஜிம் பையனை அதில் ஏறச் சொன்னேன். 78.4 காட்டியது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்து, முழுசாகக் குடிக்கச் சொல்லி மறுபடி ஏற்றினேன். 79.4. "இப்ப ரெண்டு நிமிசத்துல ஒரு கிலோ கொழுப்பு ஏறிருச்சாப்பா?" என்றேன். "அது வேற, இது வேறண்ணே" என்றான். வேறே இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. உள்ளே போனாலும் அதே கணக்கு, வெளியே போனாலும் அதே கணக்கு.

கொழுப்பின் கணக்கு இப்படி ஓடாது. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை விழ வேண்டும். சாதாரணமாக வேலை பார்க்கிற ஒருவர் நாள் முழுக்கச் செலவழிப்பதே 2,000 கலோரி பக்கம்தான். பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு பட்டினி கிடந்தாலும் ஒரு கிலோ கொழுப்புக்கு நான்கு நாள் பிடிக்கும். ஆகவே மூன்று நாளில் மூன்று கிலோ என்று யார் சொன்னாலும், அதில் பெரும்பகுதி தண்ணீராகத்தான் இருக்க முடியும்.

தண்ணி மாத்திரை

கடையில் லாசிக்ஸ் என்று கேட்கப்படும் ஃபுரோசமைடு, டைட்டர் என்று கேட்கப்படும் டோர்செமைடு, பிரஷர் மாத்திரைகளோடு சேர்ந்து வரும் ஹைட்ரோகுளோரோதயசைடு, பெண்களுக்குப் பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி), தேவையற்ற முடி வளர்ச்சி என்று எழுதப்படும் ஸ்பைரோனோலாக்டோன் எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

நம் சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு 180 லிட்டர் அளவுக்கு வடிகட்டுகின்றன. வடிந்ததில் ஏறக்குறைய எல்லாமே உடம்புக்குத் திரும்பிப் போய்விடும். ஒன்றரை, இரண்டு லிட்டர்தான் சிறுநீராக வெளியேறும். வடிந்த உப்பில் கால்வாசியைத் திருப்பி எடுத்துக்கொள்கிற இடம் ஒன்று சிறுநீரகத்துக்குள் உண்டு. ஃபுரோசமைடு அந்த இடத்தை மறித்துவிடும். உப்பு திரும்பவில்லை என்றால் தண்ணீரும் அதன் பின்னாலேயே போகும். மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கி ஆறு மணி நேரம் போல வேலை செய்யும். இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்து, ராத்திரியில் படுக்கக்கூட முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்குகிறவருக்கு இது உயிர் காக்கும் மருந்து. அவரிடம் வெளியேற்ற வேண்டிய நீர் இருக்கிறது. இருபத்தைந்து வயதுப் பெண்ணிடம் அப்படி உபரி நீர் எதுவும் கிடையாது. அவருடைய ரத்த ஓட்டத்துக்கு வேண்டிய தண்ணீரைத்தான் மாத்திரை பிடுங்குகிறது.

தண்ணீர் மட்டும் தனியாகவும் போவதில்லை. சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். இதில் பொட்டாசியம்தான் பெரிய கவலை. ரத்தத்தில் அது 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டும். இறங்கத் தொடங்கினால் முதலில் கெண்டைக்கால் பிடிக்கும், கை கால் சோர்ந்துபோகும், படி ஏற முடியாது. "வெயில்ல அலைஞ்சது" என்று நினைத்துக்கொள்வார்கள். இன்னும் இறங்கினால் இதயத் துடிப்பின் தாளம் தவறும். அப்படித் தவறும்போது முன்னறிவிப்பு இருக்கும் என்று சொல்ல முடியாது. படபடப்பே இல்லாமல் சுருண்டு விழுகிறவர்களும் உண்டு. ஸ்பைரோனோலாக்டோன் மட்டும் இதற்கு நேர் எதிர், பொட்டாசியத்தை ஏற்றிவிடும். அதுவும் இதயத்துக்கு அதே அளவு ஆபத்து. சத்துக்கு என்று அதன் மேல் தினமும் இளநீர் குடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சிறுநீரகம் சற்றே பழுதானவருக்கு இந்தச் சேர்க்கை ஆகவே ஆகாது.

மற்ற கெடுதல்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எழுந்து நின்றால் பிரஷர் இறங்கித் தலை சுற்றும். யூரிக் அமிலம் ஏறி, கால் கட்டைவிரல் மூட்டு வீங்கி, ராத்திரியெல்லாம் தூங்கவிடாது. தயசைடு வகை, சர்க்கரையையும் கொஞ்சம் ஏற்றிவிடும். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், பிரஷருக்கு டெல்மிசார்டன், எடைக்குத் தண்ணி மாத்திரை என்று மூன்றும் ஒரே ஆள் வயிற்றில் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடலாம். இந்த மூன்றும் சேரும் வீடு நம் ஊரில் அபூர்வம் ஒன்றும் இல்லை.

அப்புறம் மதுரை வெயில். சித்திரை, வைகாசியில் 40 டிகிரி சாதாரணம். அழகர் ஆற்றில் இறங்கும் அன்றைக்குத் தெருவுக்குத் தெரு நீர்மோர்ப் பந்தல் போடுவது வெறும் புண்ணியத்துக்காக மட்டும் இல்லை, வியர்வையில் உப்பும் நீரும் போவது ஊருக்கே தெரியும். அந்த வெயிலில் மாத்திரையும் போட்டுக்கொண்டு, எடை ஏறிவிடும் என்று தண்ணீரும் குடிக்காமல் புடவைக் கடை ஏறி இறங்குவதை என்னவென்று சொல்வது!

இத்தனையும் பட்டு என்ன மிச்சம் என்று பார்த்தால், பெரிய சைபர். நீர் வறண்டதும் உடம்பு உஷாராகிவிடும். உப்பைப் பிடித்து வைக்கச் சொல்லும் ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும். மாத்திரையை நிறுத்தியதும் அந்தப் பிடி உடனே தளராது. போன தண்ணீர் திரும்பும், சில சமயம் முன்னைவிடக் கூடுதலாகவே திரும்பும். முகம் உப்பும், மோதிரம் இறுகும். "நிறுத்துனா வீங்குதுண்ணே" என்று அடுத்த அட்டைக்கு வந்து நிற்பார்கள். வீக்கம் நோயால் வந்தது இல்லை, மாத்திரை கிளப்பிவிட்டது. அதற்கு மருந்து என்று அதே மாத்திரையைத் தொடர்ந்தால் அதிலிருந்து வெளியே வருவது பெரும்பாடு. முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் நிறுத்தினால் போட்டோவில் பழையபடி, சில சமயம் அதைவிடக் குண்டாகவே தெரிவீர்கள்.

விளையாட்டு உலகத்தில் இதற்கு வேறு வில்லங்கமும் உண்டு. 2003 உலகக் கோப்பை தொடங்கும் நேரத்தில் ஷேன் வார்ன் தென்னாப்பிரிக்காவிலிருந்து வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கும். காரணம் தண்ணி மாத்திரை. ஒல்லியாகத் தெரிவதற்காக அம்மா கொடுத்தது என்றார். ஓராண்டுத் தடை விழுந்தது. மற்ற ஊக்க மருந்துகளைச் சிறுநீர்ப் பரிசோதனையில் தெரியாமல் மறைக்க உதவும் என்பதால் இந்த மாத்திரைகள் போட்டி நாளிலும் சரி, மற்ற நாளிலும் சரி, தடைப் பட்டியலில்தான் இருக்கின்றன. ஆணழகன் பிள்ளைகளுக்கு இன்னொரு பெயரும் தெரிந்திருக்க வேண்டும்: மொஹம்மத் பெனாஸிஸா. உலக அளவில் மேடை ஏறியவர். 1992-ல் நெதர்லாந்தில் ஒரு போட்டி முடிந்த கையோடு இறந்துபோனார். தசை வரி வரியாகத் தெரிய நீரை வற்றடித்ததுதான் காரணம் என்று சொல்லப்பட்டது. தசைக்குள்ளும் தண்ணீர்தான் இருக்கிறது. அளவு மீறி வற்றடித்தால் தசையே சப்பையாகிவிடும் என்பதை மேடை ஏறிய அண்ணன்மார்களே சொல்வார்கள்.

இதில் இன்னொரு வேதனை, மாத்திரை பெரும்பாலும் கடையிலிருந்து போவதே இல்லை. சீட்டில்லாமல் தரக் கூடாது என்று நாங்கள் மறுத்தாலும், வீட்டில் ஃபிரிட்ஜ் மேல் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் அப்பாவின் அட்டை கிடக்கும். அப்பாவுக்கு மாதா மாதம் ரத்தம் பார்த்து அளவு வைத்திருக்கிறார்கள். மகளுக்கு யார் பார்த்தது?

நாட்டு மருந்து, டீ, பொடி

வாழைத்தண்டுச் சாறு, பார்லித் தண்ணீர், சுரைக்காய், முள்ளங்கி இவை சமையலறையில் இருக்கும் வரை பயமில்லை. சிறுநீர் கொஞ்சம் கூடுதலாகப் போகும், நார்ச்சத்தும் கிடைக்கும். கொழுப்பைக் கரைக்கும் என்று மட்டும் நம்ப வேண்டாம். நெருஞ்சில், மூக்கிரட்டை போன்றவற்றைச் சித்த மருத்துவர் பார்த்துக் கொடுப்பது வேறு, வாட்ஸ்அப் பார்த்துக் காய்ச்சிக் குடிப்பது வேறு. சிறுநீரக நோய் உள்ளவருக்குப் பொட்டாசியம் நிறைந்த வாழைத்தண்டு கூட யோசித்துச் சாப்பிட வேண்டியதுதான்.

ஸ்லிம் டீ என்று விற்பவற்றில் பலவும் பேதி மருந்துதான், அதாவது நிலவாகை. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து வானம் பார்த்த பூமியில் விளைந்து உலகம் முழுக்க ஏற்றுமதியாகும் அதே இலை, அழகான டப்பாவில் அடைபட்டு நம்மிடமே திரும்பி வருகிறது. வயிறு காலியாகும், மெஷினில் முள் இறங்கும். பெருங்குடலுக்கு வரும்போதே சாப்பாட்டின் சத்தெல்லாம் உறிஞ்சி முடிந்திருக்கும். பேதியில் போவது நீரும் பொட்டாசியமும்தான். தண்ணி மாத்திரையோடு இதையும் சேர்த்து எடுப்பவர்கள் இரண்டு பக்கமும் ஓட்டை போட்டுக்கொள்கிறார்கள்.

மூலிகைப் பொடி என்ற பெயரில் வரும் சிலதுக்குள் பசியை அடக்கும் சிபுட்ரமின் கலந்திருந்ததை வெளிநாட்டு மருந்து அதிகாரிகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறார்கள். மாரடைப்பு, பக்கவாத ஆபத்து காரணமாக இந்தியாவில் 2011-லேயே தடை செய்யப்பட்ட மருந்து அது. ஒரு பொடி மாத்திரை போல வேகமாக வேலை செய்தால், சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள். கடையில் கிடைக்கிறது என்பதற்காக வெங்காரத்தை எடைக்குச் சாப்பிடச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அது போராக்ஸ். உள்ளே போனால் வாந்தி, பேதி, சிறுநீரகப் பாதிப்பு. இதில் நல்லது கெட்டது என்று ஒப்பிட ஒன்றுமே இல்லை.

உப்பில் கை வைப்பது

"எனக்குக் கொழுப்பெல்லாம் பிரச்சனை இல்லை, முகம் மட்டும் உப்பலா இருக்கு, ரவிக்கை கை இறுகுது" என்பவருக்கு இதுதான் என் தேர்வு. மாத்திரை செய்வதாகச் சொல்லும் வேலையில் நியாயமான பங்கை இது காசில்லாமல் செய்துவிடும். உடம்பு உப்பைப் பிடித்தால் அதைச் சமன்செய்யத் தண்ணீரையும் பிடிக்கும், உப்பு குறைந்தால் அந்தத் தண்ணீரைத் தானாக விடும். சிறுநீரகத்தை யாரும் மறிக்க வேண்டியதில்லை.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, ஒரு டீஸ்பூன். நம் தட்டில் அது காலை டிபனோடு முடிந்துவிடும். சாதத்தில் உப்பு, குழம்பில் உப்பு, தொட்டுக்கொள்ள ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், ஞாயிற்றுக்கிழமை கருவாடு, ராத்திரி பரோட்டாவுக்கு ஊற்றி ஊற்றிச் சாப்பிடும் சால்னா. ஊறுகாய், அப்பளம், கருவாடு, வெளிச் சால்னா, சிப்ஸ் இவற்றை மட்டும் பத்து நாள் விலக்கிப் பாருங்கள். சமையல் உப்பைக்கூட முழுசாக நிறுத்த வேண்டாம். காலையில் முகம் வடிந்திருப்பதைக் கண்ணாடியே சொல்லும். மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் ஏறும் ஒன்று, ஒன்றரை கிலோவும் நீர்தான். அது வந்தபடியே போய்விடும், அதற்காக எதுவும் விழுங்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: லோ சோடியம் உப்பு என்று விற்பதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில வகை பிரஷர் மாத்திரை போடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதை வாங்கக் கூடாது.

சாப்பாடும் நடையும்

எல்லோருக்கும் தெரிந்தது என்பதால் சுருக்கமாக. நாளைக்கு 500 கலோரி குறைத்தால் வாரத்துக்குச் சுமார் அரைக் கிலோ கொழுப்பு போகும். ஒரு பரோட்டா 250 முதல் 300 கலோரி. ராத்திரி நான்கு சாப்பிடுகிறவர் இரண்டோடு எழுந்தாலே அந்த 500 வந்துவிடும். அதைத் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தே கரைக்க வேண்டும் என்றால் கணக்கு கடினம். முக்கால் மணி நேரம் வேகமாக நடந்தாலும் 200 கலோரி தேறினால் பெரிய விஷயம். அப்படியிருக்க நடந்து முடித்துவிட்டு ஜிகர்தண்டா குடிக்கிறவர்களிடம் நான் எதுவும் சொல்வதில்லை, சொன்னால் நட்பு போய்விடும்.

முதல் வாரம் சோறு, இட்லி, தோசையைக் குறைத்ததும் இரண்டு கிலோ இறங்கும், அடுத்த வாரம் அரைக் கிலோதான் இறங்கும், மனசு விட்டுப்போகும். தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைக் கூடவே வைத்திருக்கும். முதல் வாரம் இறங்கியதில் பாதிக்கு மேல் அந்தத் தண்ணீர். இரண்டாவது வாரத்து அரைக் கிலோதான் நிஜமான வரவு. எவ்வளவு குறைத்தால் பலன் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு: 2002-ல் வெளியான அமெரிக்காவின் பெரிய ஆய்வில், உடல் எடையில் 7 சதவீதம் குறைத்து, வாரம் 150 நிமிடம் நடப்பதை இலக்காக வைத்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. 80 கிலோ ஆளுக்கு 7 சதவீதம் என்பது ஐந்தரை கிலோ. மூன்று மாதத்தில் கைக்கு எட்டுகிற எண்.

டாக்டர் எழுதும் மருந்துகள்

ஆர்லிஸ்டாட் மாத்திரை சாப்பாட்டில் இருக்கும் கொழுப்பில் மூன்றில் ஒரு பங்கை உடம்பில் சேராமல் தடுக்கும். தடுத்த எண்ணெய் எந்த வழியாகப் போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கறிதோசை சாப்பிட்ட அன்றைக்கு வேட்டி கட்டிக்கொண்டு விசேஷத்துக்குப் போக முடியாது.

2025-ல் மவுஞ்சாரோ, வீகோவி என்ற எடைக் குறைப்பு ஊசிகள் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபின் ஊசி பற்றித்தான் பேச்சு. வீகோவியில் இருக்கும் செமாக்ளூடைடை 68 வாரம் எடுத்தவர்களுக்குச் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது. இது தண்ணீர்க் கணக்கு இல்லை, பசியே குறைவதால் வரும் நிஜக் குறைவு. கூடவே குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் உண்டு, தசையும் கொஞ்சம் போகும். நிறுத்திய ஓராண்டில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதையும் அதே ஆய்வைத் தொடர்ந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இது பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 30-க்கு மேல் உள்ளவர்களுக்கும், 27-க்கு மேல் இருந்து சர்க்கரை, பிரஷர் போன்றவை சேர்ந்தவர்களுக்கும் ஆனது. முகூர்த்தத்துக்கு முன் நாலு கிலோ என்பதற்கு இது எழுதப்படவே இல்லை.

யாருக்கு எது

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கிறவர் உப்பையும் இரவுச் சாப்பாட்டையும் குறைக்கட்டும். இரண்டு கிலோ கொழுப்பு, ஒரு கிலோ நீர் என்று மூன்று கிலோ இறங்கலாம், முகமும் தெளியும். மிச்சத்துக்கு டெய்லர் இருக்கிறார், ரவிக்கையின் உள்தையலைப் பிரித்துவிட ஐந்து நிமிடம் போதும். முகூர்த்தமே அடுத்த வாரம் என்றால் நேராக டெய்லரிடம் போய்விடலாம்.

மேடை ஏறும் பையன்களுக்கு என் பதில் இல்லை என்பதுதான். கோச் கொடுத்தாலும் இல்லை. பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகட் 100 கிராமில் பதக்கத்தை இழந்ததை நாடே பார்த்தது. முதல் நாள் 50 கிலோவுக்குள் நின்றவர், சாப்பிட்டுத் தண்ணீர் குடித்ததும் ஏறிய எடையை ராத்திரி முழுக்கப் போராடியும் இறக்க முடியவில்லை. எல்லா வசதியும் பக்கத்தில் இருந்த வீராங்கனைக்கே அப்படி. தெரு ஜிம்மில் ரத்தப் பரிசோதனையும் இல்லாமல், ஈசிஜியும் இல்லாமல், அட்டையைக் கிழித்து ஆளுக்கு ரெண்டு என்று பங்கு போடுவதை நினைத்துப் பாருங்கள்.

பிஎம்ஐ 25-க்கு மேல், அல்லது இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால், நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கு அது கவனிக்க வேண்டிய அளவு. சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு பார்த்துவிட்டுச் சாப்பாடும் நடையும் என்று தொடங்கலாம். ஆறு மாதம் நேர்மையாகச் செய்தும் நகரவில்லை என்றால் ஊசியைப் பற்றி டாக்டரிடம் பேசுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நிஜமாகவே கால் வீங்குகிறதா? விரலால் அழுத்தினால் குழி விழுந்து நிற்கிறதா? அப்போது எடை பற்றிய பேச்சை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதயம், சிறுநீரகம், ஈரல், தைராய்டு, பிரஷருக்குப் போடும் ஆம்லோடிபின் மாத்திரை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். தனியாரில் செலவாகும் என்று தயங்குகிறவர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. யாருக்கும் தெரியாமல் ஏற்கெனவே மாத்திரை போட்டுக்கொண்டிருந்து படபடப்பு, மயக்கம், தசைப் பிடிப்பு, சிறுநீர் குறைவது என்று எதாவது தெரிந்தால், போட்ட மாத்திரையின் பெயரையும் எத்தனை நாளாக என்பதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் பார்த்து, ஒரு ஈசிஜி எடுப்பார்கள். சொல்லாவிட்டால் அவர் வேறெங்கெல்லாமோ தேடிக்கொண்டிருப்பார்.

டாக்டர் எழுதித் தண்ணி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. இதய பலவீனத்துக்காகச் சாப்பிடுகிறவர் தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன், ஒரே மெஷினில் எடை பார்த்து நோட்டில் எழுதி வர வேண்டும். மூன்று நாளைக்குள் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறியிருந்தால், அடுத்த செக்கப் தேதி வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டருக்குச் சொல்ல வேண்டும்.